நடுப்பக்கத்து மருமகள்

அத்தியாயம் 14

மருமகளைப் புத்தகத்தின் நடுவில் வைத்துப் பசை தடவி ஒட்டிவிட்டவர் வேறு யாருமில்லை, ஜகதீசனேதான்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்திருந்தால்கூட இத்தனை கச்சிதமாக வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதிப்பகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. குழந்தைகளுக்கான படப் புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். அறுந்த பட்டம் ஒன்று ஒரு வீட்டு மொட்டைமாடியில் வந்து விழுகிறது. அது யாருக்குச் சொந்தம் என்று வீடே அடித்துக்கொள்கிறது. கதை யாரோ எழுதியது. படம் ஜகதீசன். கதைக் குடும்பத்துக்குத் தன் குடும்பத்தையே மாடலாக வைத்து வரைந்திருந்தார். மகன் ராகேஷ், மருமகள் அக்ஷதா, மனைவி கல்பகம், ஓரத்தில் தொப்பையோடு அவர். பட்டத்தைப் பிடிக்க ஓடும் ஐந்து வயதுச் சிறுமி மட்டும் கற்பனை. அந்த வீட்டில் அப்படி ஒரு குழந்தை இன்னும் வரவில்லை.

"அக்ஷதாம்மா, முதல்ல நீதான் பிரிக்கணும். நேரா நடுப்பக்கத்துக்குப் போ."

அவள் பிரித்தாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம். எல்லோரும் மாடியில் பாய் விரித்துப் படுத்து வானத்தைப் பார்க்கிறார்கள். அக்ஷதா நட்டநடுவில், புருஷன் தோளில் தலை சாய்த்து.

அப்படித்தான் அவர் வரைந்திருந்தார். இப்போது ராகேஷின் தோளில் ஒரு காது மட்டும் இருந்தது. கல்பகத்தின் பக்கத்தில் அரைக் கன்னமும் ஒரு கம்மலும். பாக்கி முகத்தைப் பைண்டிங் விழுங்கிவிட்டது.

அக்ஷதா இரண்டு கட்டைவிரலையும் வைத்து மடிப்பை அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் மூக்கு தெரிந்தது. விட்டதும் அதுவும் உள்ளே போய்விட்டது.

"பாகுந்தி மாமய்யா," என்றாள். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அவள் வரங்கல் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நன்றாகவே தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். அப்படிப்பட்டவள் சட்டென்று தெலுங்குக்குப் போகிறாள் என்றால், பாகுந்தி என்ற சொல்லுக்கு அகராதியில் இருக்கும் அர்த்தம் இல்லை.

பிறகு எழுந்து அறைக்குப் போனாள். சூட்கேஸின் ஜிப் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தச் சூட்கேஸ் போன வாரமே பரணிலிருந்து இறங்கிவிட்டது. பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் வேலை அவளுக்கு. ஆறு மாதப் பயிற்சிக்கு விசாகப்பட்டணம் அனுப்புகிறார்களாம், புதன்கிழமை கிளம்புகிறாளாம். அதைச் சொன்ன ராகேஷ் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துச் சொன்னான். அன்றிலிருந்து ஜகதீசனுக்கு ஒரே கேள்விதான். இவள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவாளா, அல்லது என் பிள்ளையை விட்டுவிட்டே போகிறாளா?

நேற்றுவரை அது சந்தேகம். இப்போது அதற்குத் தன் கையாலேயே படமும் போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

பாவத்தில் பாதி அன்பினால் வந்தது. பின் அடித்துத் தைக்கும் புத்தகத்தில் நடுப்பக்கம் என்பது ஒரே தாள். மற்ற எந்த இடத்திலும் மடிப்பில் முகத்தை வைக்கக்கூடாது. அங்கே மட்டும் தைரியமாக வைக்கலாம். இருபத்தெட்டுப் புத்தகங்களுக்குப் படம் போட்டவருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் மருமகளை அங்கே வைத்தார். ஆனால் ஜனவரியில் பதிப்பகம் மனம் மாறிவிட்டது. கெட்டித் தாள், பசை பைண்டிங், நடுப்பக்கப் படத்தைத் தயவுசெய்து ஒருமுறை சரிபார்க்கவும் என்று மெயில் வந்தது. அவர் அதற்கு 'ஓகே, சூப்பர்' என்று பதில் போட்டார். மெயிலைப் படித்தது மாதிரிப் பிரதி வந்த ராத்திரிதான்.

பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் இருபத்தாறு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்காக மேலதிகாரியோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர். போல்ட்டு நட்டு வரைந்தபோது இருந்த கவனம் மருமகளை வரையும்போது எங்கே போயிற்று என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். அந்த வீட்டில் எந்தக் கேள்விக்குத்தான் பதில் வருகிறது?

திங்கட்கிழமை காலை. அக்ஷதா ஆறு மணி ஷிஃப்டுக்கு விடியுமுன்பே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள்.

"ஏங்க, ரெண்டாந்தரம் சர்க்கரை போடுறீங்க," என்றாள் கல்பகம். அவளுக்கும் அரசாங்க நிறுவன உத்தியோகம்தான், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் அதை இலவசமாகச் செய்வாள்.

"இவ எதுக்கு வைசாக் போறா?"

"டிரெய்னிங்."

"மாத்திரைய டெஸ்ட் பண்றவளுக்கு ஆறு மாசம் என்னத்த சொல்லித் தருவாங்க?"

"அவளையே கேளுங்க."

"கேட்டா 'சூத்தாம் மாமய்யா'ங்கிறா. பார்க்கலாமாம். என்னத்த பார்க்கிறது?"

"அப்ப உங்க புள்ளையக் கேளுங்க."

பிள்ளை ஹெல்மெட்டும் லேப்டாப் பையுமாக வந்தான். சைனிக்புரியிலிருந்து மாதாப்பூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். தினமும் போருக்குப் போகிற முகம்.

"டேய், உனக்கும் அவளுக்கும் ஏதாவது..."

"நக்கோப்பா, வேணாம். காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. ஒன்பதரைக்கு எனக்கு கால் இருக்கு."

"ஒரே வார்த்தைல சொல்லு. சண்டையா?"

"ஹவ், ஆமா... இல்ல. அதாவது... சாயங்காலம் பேசலாம்ப்பா."

"ஆமாவா இல்லையாடா?"

ராகேஷ் அம்மாவைப் பார்த்தான். அம்மா டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்தாள். மூடி யாரையும் பார்க்கவில்லை.

"அந்தப் புக்குல அவ மூஞ்சி போனதுக்குக் கோவமாடா? என் தப்புதான், நான் சரி பண்ணிடறேன்னு சொல்லு."

"அப்பா, புக்க விடுங்க. எல்லாத்துக்கும் உங்க புக்குதான் காரணமா?" அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஷூவை மறந்து செருப்போடு ஆபீஸ் போகிறவன் மனசு சரியில்லாதவன்தான் என்று ஜகதீசன் கணக்குப் போட்டார்.

அவரிடம் யாரும் நேராக எதையும் சொல்லாததற்குக் காரணம் இல்லாமலில்லை. போன வருஷம் ஒருநாள் ராகேஷ் சாப்பாட்டு மேஜையில் 'ஆபீஸ் பக்கம் வாடகைக்கு' என்று ஆரம்பித்தான். வாக்கியத்தை முடிக்கவில்லை. ஜகதீசன் தட்டை நகர்த்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அவருடைய அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து, ஓய்வு பெற்று, கல் கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு. அதைவிட்டு என் பிள்ளை வாடகை வீட்டுக்குப் போவதா? ஒருநாள் முழுக்க உண்ணாவிரதம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாக்கெட் உஸ்மானியா பிஸ்கட் இருந்தது தெய்வச் செயல். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'வாடகை' என்ற சொல் அகராதியிலிருந்தே எடுக்கப்பட்டது.

பத்தரைக்குப் பதிப்பகத்து ஹர்ஷிதா கூப்பிட்டாள். இருபத்தாறு வயது எடிட்டர். திட்டும்போதுகூட 'சார்' போடுவாள்.

"சார், நீங்க அப்ரூவ் பண்ணீங்க சார்."

"தெரியும்மா."

"சூப்பர்னு போட்டீங்க சார்."

"அதுவும் தெரியும்மா."

"மூணு மணிக்கு நடுப்பக்க ஷீட்டுக்கு பிளேட் போடறாங்க. அதுக்குள்ள பிரஸ்ஸுக்குத் திருத்தின ஃபைல் போயாகணும். இல்லன்னா மூவாயிரம் காப்பியும் இப்படியே போயிடும் சார்."

மெயிலில் அனுப்பினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பிரஸ் இருப்பது பட்டான்செருவில். அங்கிருந்து அக்ஷதாவின் கம்பெனி ஒன்றரை கிலோமீட்டர். அவளுக்கு ஷிஃப்டு முடிவது இரண்டு மணி.

"நேர்ல வந்தே பண்ணித் தர்றேம்மா," என்றார் ஜகதீசன். தொழில்மேல் இத்தனை சிரத்தை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

செகந்திராபாத் வரை ஆட்டோ, லிங்கம்பள்ளி வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் உட்காரும் இடத்தில் எட்டுப் பேர். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க, மருமகளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். 'நீ எனக்கு மகள் மாதிரி' என்று ஆரம்பிக்கலாம். நன்றாயில்லை, அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து ஏதோ கெட்டதாகச் சொல்வார்கள். 'போகாதே' என்று சொல்லலாம். எந்த உரிமையில்? பக்கத்து ஆள் அவர் காலை மிதித்தான். அந்த வலியோடு யோசனையும் நின்றது.

பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் பாலச்சந்திரன். களாசிகூடா தமிழர், 'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்பார். ஜகதீசனின் நாலு புத்தகங்களுக்கு ஏற்கெனவே உயிர் கொடுத்தவர்.

"வாங்க சார். கைக்கு இவ்வளவு தூரம்? அனுப்பியிருந்தா நானே பார்த்திருப்பேனே."

"சும்மா வந்தேன்."

"ஆளாளுக்குத் தனி லேயர்ல வச்சிருக்கீங்கள்ல? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. மடிப்புக்கு இந்தப் பக்கம் எட்டு மில்லி, அந்தப் பக்கம் எட்டு மில்லி. அதுல யாரும் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்." திரையில் படத்தைத் திறந்து, நடுவில் சிவப்புக் கோடு ஒன்றை இறக்கினார். கோடு அக்ஷதாவின் நெற்றியில் ஆரம்பித்து மூக்கு வழியாகத் தாடைக்குப் போயிற்று. "இந்தப் பொண்ண எந்தப் பக்கம் தள்ளட்டும்?"

ஜகதீசன் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து.

"இடது பக்கம் தள்ளிப் பாருங்க."

பாலச்சந்திரன் தள்ளினார். முழு முகம் வந்தது. இடது பக்கத்தில் ராகேஷும் அக்ஷதாவும், தோளும் தலையுமாக. வலது பக்கத்தில் ஜகதீசனும் கல்பகமும். நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் வெறும் பாய்.

"நல்லா இருக்கே சார். ஜோடி ஜோடியா."

"வேண்டாம். வலது பக்கம்."

வலது பக்கம் வந்தாள். ராகேஷ் தனியாகப் போய்விட்டான். சாய்ந்திருந்த தலை இப்போது மாமியார் தோளில் இறங்கியது. ஜகதீசன் யானைக்கு இறக்கை வைத்திருக்கிறார், தவளைக்குக் கண்ணாடி மாட்டியிருக்கிறார். ஆனால் இத்தனை பெரிய கற்பனை அவருக்கே வந்ததில்லை.

"அந்தப் பையன் பாவம் சார், அனாதையா இருக்கான்."

"மொத்தப் படத்தையும் கொஞ்சம் நகர்த்தினா?"

"நகர்த்தலாம். அப்ப இந்த அம்மா மடிப்புல வந்துடுவாங்க." பாலச்சந்திரன் விரல் கல்பகத்தின் நெற்றியைத் தொட்டது.

ஜகதீசன் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"கல்பகம், ஒரு யோசனை சொல்லு. அவளுக்குப் பதிலா உன்னை மடிப்புக்குள்ள போட்டா உனக்குக் கோவம் வருமா?"

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம். பிறகு அவள் குரல். "போடுங்க. முப்பத்தோரு வருஷமா நான் அங்கதான இருக்கேன்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், அவள் சிரிக்கவில்லை என்பது காதில் விழுந்தது.

"என்ன சொல்ற?"

"செக் பண்ண ஒரு லாட்டு சாமான் வந்திருக்கு, பாக்கணும். வைக்கிறேன்." வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தார். ஒன்றரை.

"மூணாவது வழி எதுவும் இல்லையா?"

"இருக்கு சார்." பாலச்சந்திரன் ஓரத்தில் படுத்திருந்த தொப்பைக்காரரைச் சுட்டிக்காட்டினார். "இவர எடுத்துட்டா இடம் கிடைக்கும். எல்லாரும் தாராளமா தள்ளிப் படுப்பாங்க. இந்த ஆள் கதையில ஒண்ணும் பெருசா பண்றதா தெரியலையே." பிறகு திரையையும் ஜகதீசனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ. சாரி சார்."

"பரவால்ல. டெக்னிக்கலா சரியாத்தான் சொல்றீங்க." ஜகதீசன் எழுந்தார். "ஒண்ணேகால் மணி நேரத்துல வந்து சொல்றேன். எதையும் சேவ் பண்ணிடாதீங்க."

"மூணு மணி சார்!"

"வந்துடறேன்."

இரண்டு அடித்ததும் கம்பெனி கேட் திறந்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அக்ஷதா அவரைப் பார்த்ததும் நின்றாள். முகம் வெளுத்தது.

"மாமய்யா? ஏமைந்தி? வீட்டுல யாருக்காவது..."

"ஒண்ணும் ஆகல. பிரஸ்ஸுக்கு வந்தேன். அப்படியே ஒரு டீ."

"இவ்வளவு தூரம் நடந்தா? வெயில்ல?" கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். "பஸ் ரெண்டரைக்குக் கிளம்பும். வாங்க, உட்காருங்க."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே கம்பெனி பஸ் நின்றது. பயங்கர மருந்து வாடை. அவளுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

"அந்தப் படம்... நான் வேணும்னு பண்ணலம்மா. மெயிலைப் படிக்காம..."

"படத்துக்கு ஒண்ணும் இல்ல மாமய்யா. ராத்திரி நானும் ராகேஷும் சிரிச்சோம். என் கம்மல் மட்டும் அத்தய்யா பக்கத்துல தனியா கிடக்கு."

ராத்திரி இருவரும் சேர்ந்து சிரித்தார்களாம். அவர் தலைக்குள் ஏதோ ஒரு கணக்கு இடறியது.

"பின்ன ஏன் பாகுந்தின்னு சொல்லிட்டு உள்ள போயிட்ட?"

அவள் டீயை ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பாப்பா யாரு மாமய்யா?"

"எந்தப் பாப்பா?"

"அட்டைல பட்டம் பிடிக்க ஓடுறாளே. அவளுக்கு என் மூக்கு. ராகேஷ் காது."

ஜகதீசன் டீயில் ஏதோ விழுந்துவிட்டதுபோல உள்ளே பார்த்தார். "கதையில ஒரு குழந்தை வருது. சும்மா வரைஞ்சேன். கை தன்னால..."

"தெரியும். எனக்குக் கோவம் இல்ல. ஆனா பார்த்ததும் பயமா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முழிச்சிருக்கும்போது பார்க்கறதே ஞாயித்துக்கிழமைதான். நீங்க அதுக்குள்ள எங்களுக்கு அஞ்சு வயசுப் பொண்ணு கொடுத்துட்டீங்க."

பஸ் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு இருபது. ஒத்திகை பார்த்த எல்லா வாக்கியங்களும் ஷேர் ஆட்டோவிலேயே இறங்கிப்போய்விட்டிருந்தன. ஜகதீசன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அக்ஷதா, நீ என் பையன விட்டுட்டுப் போறியா?"

"மாமய்யா..."

"சூத்தாம்னு மட்டும் சொல்லாதே. ஒரு வாரமா நம்ம வீட்ல எல்லாரும் எனக்குப் பார்க்கலாம், பேசலாம், கேளுங்கன்னே சொல்றீங்க. நான் கிழவன்தான், கண்ணாடி ஜாடி இல்ல. சொல்லு."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தாள்.

"வைசாக் லேது மாமய்யா. டிரெய்னிங்கும் இல்ல."

"பின்ன?"

"மாதாப்பூர்ல வீடு எடுத்திருக்கோம். ரெண்டு ரூம். அங்கேர்ந்து அவர் ஆபீஸ் பத்து நிமிஷம், எனக்கு பஸ் முக்கா மணி. புதன்கிழமை நான் போறேன். ஒரு மாசம் கழிச்சு, டிராஃபிக் தாங்கலன்னு சொல்லி அவர் வருவார். ஃபேஸ் ஒன், ஃபேஸ் டூன்னு சார்ட்டே போட்டு வச்சிருக்கார். உங்களுக்கு வலிக்கக்கூடாதுன்னு."

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. பிள்ளையின் கல்யாணம் உடையவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். சார்ட் போட்டுப் பொய் சொல்கிற அளவுக்கு ஒற்றுமையாக இருக்கிறார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டார். மூச்சு பாதி போனபோது, இறங்கிய பாரம் நேராக அவர் காலின்மேலேயே விழுந்தது. அடுத்த மாதம் அந்தச் சுபேதார் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"அது ஒருநாள்தான். அன்னிக்குக்கூட..."

"பிஸ்கட் சாப்பிட்டீங்க. தெரியும். தொட்டிக்குப் பின்னாடி வச்சதே நான்தான்."

ஜகதீசன் அதைத் தெய்வச் செயல் என்று நம்பியிருந்தவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி மட்டும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அக்ஷதா எழுந்து கையசைத்து, ஒரு நிமிஷம் என்றாள்.

"உன் புருஷனுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியாது," என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு. "அவனா போய் வீடு பார்த்தான்?"

"லேது."

"அப்ப நீயா? ஷிஃப்டு முடிஞ்சு எப்போ போன?"

அவள் பையைத் தோளில் மாட்டினாள். வாரைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள்.

"என்னைப் பார்த்துச் சொல்லும்மா. வீடு பார்த்துக் கொடுத்தது யாரு?"

ஹாரன் இன்னொரு முறை அலறியது. அக்ஷதா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அத்தய்யா. லீவு போட்டுட்டு, ஏழு வீடு ஏறி இறங்கி, அவங்களே பார்த்து முடிச்சாங்க. 'இவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க வாயத் திறக்காதீங்க'ன்னாங்க. அது போன தீபாவளிக்கு முன்னாடி மாமய்யா."